மணல் ஊரின் முப்பத்தொன்றாம் ஆள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மணிக்கூண்டைத் தாண்டி வடக்கே கொஞ்சம் நடந்தால், தையல் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே, பத்தடிக்கு எட்டடியில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. நடத்துகிறவள் ஷாஹீன். வயது நாற்பத்தொன்று. பலகையில் ஜெராக்ஸ், ஸ்கேன், பாஸ்போர்ட் போட்டோ என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் காலாப்பட்டிலிருந்தும் அரியாங்குப்பத்திலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்கள் அவளுடைய பிரெஞ்சுக்காக வந்தார்கள். பட்டனும் ஜரிகையும் விற்ற அவளுடைய அத்தா அக்பர் அலி, என்ன நினைத்தாரோ, மூன்று பெண்களில் இவளை மட்டும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். படித்து முடித்துப் பிரான்சுக்குப் போய்விடுவாள் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அவள் போனது முத்தியால்பேட்டைக்கு, சரக்கு வண்டி ஓட்டும் அதீபைக் கட்டிக்கொண்டு.

அவள் எழுதிக்கொடுத்ததில் முக்கால்வாசி ஒரே தாள்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய சொல்தாக்களும், அவர்களுடைய விதவைகளும், வருஷத்துக்கு ஒருமுறை 'நான் உயிரோடிருக்கிறேன்' என்று கையெழுத்துப் போட்டு, இங்கே ஓர் அதிகாரியிடம் முத்திரை வாங்கி, அங்கே அனுப்ப வேண்டும். அனுப்பினால் பென்ஷன் நிற்காது. ஷாஹீனின் கடைக்கு வருகிறவர்கள் அதை உயிர்த்தாள் என்று சொன்னார்கள். "எம்மா, என் உயிர்த்தாளு வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே படியேறுவார்கள். நிறையப் பேர் கடையின் விலாசத்தையே கொடுத்திருந்ததால் கடிதங்களும் அவளுக்கே வந்தன. நீள நோட்டு ஒன்றில் எல்லார் பெயரையும் வரிசையாக எழுதி வைத்திருந்தாள். ஒருவர் காலமானால் பெயரின் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் தேதி.

கோவிட் முடிந்த மறு வருஷம், கடையின் பழைய கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. பிரான்சுக்கே திரும்பிப் போகிற ஒரு வாத்தியார் வீட்டில் சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதீப் அங்கிருந்து ஒன்றை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தான். அதற்குள் அந்த விளையாட்டு இருந்தது.

புதுச்சேரியில் மத்தியானம் ஒன்றரைக்கு மேல் நாலு மணி வரை கடைக்கு ஆள் வராது. ஷட்டரை முக்கால்வாசி இறக்கி, லுஹர் தொழுதுவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, இது என்னவென்று பார்ப்போமே என்றுதான் அவள் அதைத் திறந்தாள். மேலேயிருந்து பார்க்கிற மாதிரி ஒரு தீவு. மணல், ஓர் ஓடை, ஏழெட்டுக் குடிசை. கரையில் விரல் நகத்தளவு மனிதர்கள் பதின்மூன்று பேர் விழுந்து கிடந்தார்கள். செத்துவிட்டார்கள் என்று நினைத்தாள். திரையில் அம்புக்குறி அசைந்ததும் பதின்மூன்று பேரும் எழுந்து நின்று மேலே பார்த்தார்கள். அவர்களுடைய தலைக்கு மேல் 'பசி' என்று பிரெஞ்சில் ஒரு சின்னச் சொல் மிதந்தது.

அவள் அந்த ஊரை உண்டாக்கவில்லை. யாரோ உண்டாக்கி, வளர்த்து, விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மூடி வைத்தாலும் அங்கே நாள் ஓடும் என்பதை அவள் பிறகு கண்டுபிடித்தாள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஒரு நாள் கழித்துத் திறந்தால் அங்கே ஒரு வாரம் போயிருக்கும். அவர்களை ஏவ முடியாது. மழை பெய்யச் செய்யலாம், மீனைக் கரைப்பக்கம் தள்ளலாம், மேட்டைச் சரித்து நிலமாக்கலாம், இடி இறக்கலாம். மற்றதை அவர்களே செய்துகொள்வார்கள். அன்றைக்கு அவள் டிபன் பாக்ஸை மறந்து, நாலு மணி வரை மீன் தள்ளிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் அவர்கள் ஊர் நடுவில் கல்லை அடுக்கி, அதைச் சுற்றி நின்று கையை உயர்த்தினார்கள். தன்னைப் பார்த்துத்தான் என்று ஷாஹீனுக்குப் புரிந்தது. "அஸ்தக்ஃபிருல்லாஹ்" என்று அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டு முணுமுணுத்துக்கொண்டே இடியை இறக்கி அந்தக் குவியலைச் சிதறடித்தாள். மறுநாள் இன்னும் உயரமாக அடுக்கியிருந்தார்கள். இரண்டாம் தடவையும் இடித்தாள். அவர்கள் மூன்றாம் தடவை அடுக்கியபோது, பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். தன்னை மேயர் என்று நினைத்துக்கொண்டாள். மேயருக்குக் கூட ஊரில் சிலை வைக்கிறார்களே.

அங்கே அவ்வப்போது ஒரு படகு வரும். அதிலிருந்து இறங்குகிற ஆளுக்கு நாம் ஒரு பெயர் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அவர் கரையை விட்டு உள்ளே வரமாட்டார். பழையவர்களுக்கும் பெயர் இல்லாமல் எண்தான் இருந்தது. பெயர் என்றதும் தன் வீட்டுப் பெயர்கள் அவளுடைய வாய் வரைக்கும் வந்தன. வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டாள். பசி வரும், காய்ச்சல் வரும், கடல் இழுத்துக்கொண்டு போகும். அங்கே போய் பெற்றவர் பெயரையும் புருஷன் பெயரையும் எவளாவது வைப்பாளா? பக்கத்தில் நீள நோட்டு திறந்து கிடந்தது. அதிலிருந்து எடுத்து வைத்தாள். மணியம்மாள். வடிவேல். மண்ணாங்கட்டி. கோவிந்தராசு. ஒரே பெயரை இரண்டு பேருக்கு வைத்துவிடக் கூடாது என்று நோட்டில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் சின்ன வட்டம் போட்டாள். அங்கே அந்த ஆள் செத்தால் வட்டத்தை அடித்துவிடுவாள்.

இரண்டு வருஷத்தில் அந்த ஊர் முப்பத்தொரு பேராக வளர்ந்தது. கோவிந்தராசு என்ற ஆள் வடக்குக் கரையில் தனிக்குடிசை போட்டுக்கொண்டு, நாள் முழுக்கக் கடலைப் பார்த்தபடி நடந்துகொண்டிருப்பான். காவல் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

போன நவம்பரில் ஒரு மத்தியானம் திரையின் அடியில் ஒரு வரி வந்தது. கோவிந்தராசு இறந்தார். காரணத்தைத் தட்டிப் பார்த்தாள். 'உணவு இருந்தது. உண்ணவில்லை.' அப்படி ஒரு காரணத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. களஞ்சியத்தில் மீன் நிறைந்திருந்தது. அவனுடைய குடிசை வாசலிலும் மீன் இருந்தது. இது என்னடா என்று யோசித்துக்கொண்டே நோட்டை இழுத்தபோது, ஷட்டருக்கு அடியில் குனிந்து ஒரு பெண் ஆதார் கார்டை நீட்டி, "அக்கா, அவசரம், அஞ்சு காப்பி" என்றாள். ஷாஹீன் அவள் முகத்தைப் பார்த்தபடியே பேனாவை இழுத்தாள். பழகிய கை. வட்டத்தை அடிப்பதற்குப் பதில் பெயரின் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் தேதியையும் எழுதிவிட்டு, ஜெராக்ஸ் எடுக்க எழுந்துபோனாள்.

ஜனவரியில் எல்லாரையும் போனில் கூப்பிட்டு உயிர்த்தாளுக்கு வரச் சொன்னாள். கோடு போட்ட பெயர்களைத் தாண்டிப் போனாள். கனகசெட்டிக்குளம் கோவிந்தராசு வருஷா வருஷம் ஜனவரியில் ஒரு பை நெத்திலிக் கருவாடோடு தானே வருகிறவர். இந்த வருஷம் முழங்கால் வீங்கி வீட்டில் கிடந்தார். அது அவளுக்குத் தெரியாது. பிப்ரவரியில் பிரான்சு பென்ஷன் ஆபீசிலிருந்து கடை விலாசத்துக்கு ஒரு விசாரணைத் தாள் வந்தது. இவரிடமிருந்து பதில் இல்லை, இருக்கிறாரா, இறந்துவிட்டாரா? நோட்டைப் புரட்டினாள். கோடு இருந்தது. தேதியும் இருந்தது. எப்போது போட்டோம் என்று நினைவு வரவில்லை. யாரோ வந்து சொல்லியிருப்பார்கள். நல்ல மனுஷன், பாவம் என்று நினைத்தாள். மகளுக்குப் போன் போட்டுத் துக்கம் விசாரிக்கலாமா என்றுகூட யோசித்து, மூன்று மாதம் கழித்து எந்த முகத்தோடு விசாரிப்பது என்று விட்டுவிட்டாள். இறந்தவர் என்ற கட்டத்தில் டிக் போட்டு, தேதியை எழுதி, தபாலில் சேர்த்தாள்.

மே மாதம், மத்தியானம் இரண்டு மணி இருக்கும். ஷட்டரைத் தட்டிக்கொண்டு ஆதிலட்சுமி வந்தாள். கோவிந்தராசுவின் மகள், ஐம்பது வயது, காலாப்பட்டில் ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை. வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து, மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள்.

"தங்கச்சி, இத கொஞ்சம் படிச்சிச் சொல்லேன். எங்கப்பாவுக்கு வந்துது. படிச்சிட்டாரு. என்னான்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு."

"படிச்சிட்டாரா?" என்றாள் ஷாஹீன். கோடு போட்ட ஆள் எப்படிப் படிப்பார்? "அக்கா, அப்பா எப்படி இருக்காரு?"

"இருக்காரு. அதான் சொல்றனே, இது வந்து பத்து நாளாச்சி. அன்னிலேர்ந்து சாப்பாடு எறங்கல. வாட்ச்ச கழட்டி வெச்சிட்டாரு. அப்பான்னு கூப்ட்டா திரும்பிப் பாக்கறதில்ல. 'யாரக் கூப்புடற, அந்த ஆளு இல்ல'ன்னு சொல்றாரு. வெளையாட்டுக்குச் சொல்றாருன்னு மொதல்ல நானும் சிரிச்சேன்."

வாரிசுகளுக்கு என்பதால் கடை விலாசத்துக்கு வராமல் வீட்டுக்கே போயிருந்த கடிதத்தில் நாலே வரி. திரு. கோவிந்தராசு அவர்களின் வாரிசுகளுக்கு. அவருடைய மறைவை அறிந்தோம். ஆழ்ந்த அனுதாபங்கள். இன்ன தேதியிலிருந்து அவருடைய ஓய்வூதியம் நிறுத்தப்படுகிறது. அந்தத் தேதி ஷாஹீனுக்குத் தெரியும். அவளே எழுதிய தேதி. ஆதார் கார்டுக்காரியும், திரையின் அடியில் வந்த வரியும் ஒருசேர நினைவுக்கு வந்தன.

"என்னா போட்டிருக்கான்?"

"ஏதோ ஆபீஸ்ல தப்பு, அக்கா. அப்பா பேர நிறுத்திட்டாங்க. நா எழுதிச் சரி பண்ணிடறேன். நாளைக்கு நானே வந்து கையெழுத்து வாங்கிக்கறேன்."

"அவரு சாப்ட்டா போதும் எனக்கு" என்று சொல்லிவிட்டு ஆதிலட்சுமி போனாள்.

அவள் போனதும் ஷாஹீன் ஷட்டரை முழுசாக இறக்கினாள். டியூப்லைட் வெளிச்சத்தில் அந்த ஊரைத் திறந்தாள். ஆறு மாதமாக அவள் வடக்குக் கரைப் பக்கம் போகவில்லை. அங்கே பார்க்க ஒன்றுமில்லை. இப்போது போனாள். புதைமேடு இருந்தது. அதன் மேல் மீன் குவிந்து கிடந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணியம்மாள் நடந்து வந்து, ஒரு மீனை வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். பின்னால் வடிவேல். அவன் பின்னால் இன்னொருவர். வரிசை களஞ்சியம் வரைக்கும் நீண்டிருந்தது. அந்த ஊரில் எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள்; யாருடைய மேட்டுக்கும் யாரும் எதுவும் கொண்டுபோய் வைத்ததை அவள் கண்டதில்லை. மேட்டின் மேல் அம்புக்குறியை வைத்தாள். 'உணவு இருந்தது. உண்ணவில்லை.'

ஹயாத்தும் மௌத்தும், வாழ்வும் சாவும், யார் கையில் என்று அவளுக்கு ஓதிக்கொடுத்திருக்கிறார்கள். இது வெறும் விளையாட்டு, யாரோ ஒரு பையன் எழுதி வைத்த புரோகிராம் என்றும் தெரியும். ஆனாலும் அவளுடைய கை அந்த வரியிலிருந்து நகரவில்லை.

மறுநாள் அதீபின் வண்டியிலேயே கனகசெட்டிக்குளம் போனாள். தவளக்குப்பம் மார்க்கெட்டில் காலை லோடை இறக்கிவிட்டு வந்திருந்தான். வண்டி முழுக்க வாழைத்தார் வாசனை.

"ஒரு கையெழுத்துக்காக இம்மாந் தூரமா?" என்றான். "போன்ல வரச் சொல்ல வேண்டியதுதான?"

"நடக்க முடியாது அவருக்கு."

"மொகம் ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்குது?"

"வெயிலுங்க" என்றாள்.

வீடு கடலுக்கு இரண்டு தெரு இந்தப் பக்கம். வெயிலில் தெரு வெறிச்சென்று கிடந்தது. அதீப் மரத்தடியில் வண்டியைப் போட்டுவிட்டு உள்ளேயே சாய்ந்துகொண்டான். ஆதிலட்சுமி வாசலில் நின்றாள். கேட்டருகே ஒரு கிழட்டு நாய் படுத்திருந்தது.

"இது எப்பவும் அவரு கட்டிலுக்குக் கீழதான் கெடக்கும்" என்றாள் ஆதிலட்சுமி, குரலைத் தாழ்த்தி. "பத்து நாளா உள்ள வரமாட்டேங்குது. சோத்த உள்ள வெச்சாலும் வரமாட்டேங்குது."

கோவிந்தராசு கட்டிலில் நேராகப் படுத்திருந்தார். எண்பத்திரண்டு வயது. சட்டை இஸ்திரி போட்டது. பித்தான் கழுத்து வரைக்கும் போட்டிருந்தார். கட்டிலுக்குக் கீழே பாலிஷ் போட்ட ஷூ ஜோடியாக இருந்தது. பக்கத்து முக்காலியில் ஒரு தட்டு, மூடியபடி. மூடியைச் சுற்றி எறும்பு.

"ஐயா" என்றாள் ஷாஹீன்.

கண் கூரையிலேயே இருந்தது. ஆனால் குரல் வந்தது. அடுத்த அறையிலிருந்து வருகிற மாதிரி.

"வாங்க மதாம். வெயில்ல வந்திருக்கீங்க. நீங்க தேடி வந்த ஆளு இல்ல."

"அந்த லெட்டர் தப்பு, ஐயா. ஆபீஸ்ல தப்பா எழுதிட்டாங்க. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா நா மாத்திடறேன்."

"அங்கேர்ந்து எனக்கு எந்தப் பேப்பரும் தப்பா வந்ததில்ல." அவர் நிதானமாகப் பேசினார். "அறுவத்து நாலுல வான்னு ஒரு பேப்பர் வந்துது, போனேன். ஜிபூட்டிக்குப் போன்னு வந்துது, போனேன். போதும், வூட்டுக்குப் போன்னு வந்துது, வந்துட்டேன். இப்ப இது வந்திருக்குது. இத மட்டும் ஒத்துக்க மாட்டேன்னா எப்பிடி? உயிரோட இருக்கேன்னு கையெழுத்துப் போட்டா பொய்க் கையெழுத்து. பதினேழு வருஷ சர்வீஸ்ல நா ஒரு பொய்க் கையெழுத்து போட்டதில்ல."

"பாத்தியா?" என்றாள் ஆதிலட்சுமி. "நல்லா பேசறாரு. ஒரு வாய் சோறு மட்டும் கெடையாது. பாலு குடிக்கிறாரு, அதுவும் நாம அந்தப் பக்கம் திரும்பிக்கணும். டாக்டர் வந்து பாத்துட்டு, ஒடம்புல ஒண்ணுமில்ல, இப்பிடியே போனா ஒரு வாரம்ன்றாரு."

ஷாஹீன் தட்டைப் பார்த்தாள். உணவு இருந்தது.

ஆபீஸ் தப்பு என்று எத்தனை தடவை சொன்னாலும் அவர் நம்பப் போவதில்லை. அங்கே தப்பு நடக்காது என்பதில்தான் அவர் வாழ்க்கை முழுவதும் நின்றுகொண்டிருந்தது. தப்பு இங்கே நடந்தது, முத்தியால்பேட்டையில், தன் கையால் நடந்தது என்று சொன்னால் ஒழிய அவர் எழுந்திருக்க மாட்டார். சொன்னால், நாளைக்கு ஒருவரும் அவளிடம் உயிர்த்தாளைக் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தாலும், எழுதும்போது அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தரையில், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொன்னாள். கம்ப்யூட்டர் வந்தது, மணல் ஊர், நோட்டிலிருந்து எடுத்த பெயர்கள், கோடு, டிக். ஆதிலட்சுமி கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அடிப்பாவி" என்று ஒரு தடவை மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

பிறகு கோவிந்தராசுவின் முகம் கூரையிலிருந்து இறங்கி அவள் பக்கம் திரும்பியது.

"நா அங்க என்னா வேல பாத்தேன்?"

"வடக்குக் கரையில காவல், ஐயா. யாரும் சொல்லல. நீங்களா பாத்தீங்க."

"எப்பிடிச் செத்தேன்?"

அவள் தயங்கினாள். "சாப்பிடல."

"சோறு இல்லியா?"

"இருந்துச்சு."

அவர் தலையை ஒரு தடவை ஆட்டினார், அது நியாயம்தான் என்கிற மாதிரி. "அங்க பொறுப்பு யாரு?"

"நான்."

"நீன்னா? அதுல நீ யாரு?"

அந்தச் சொல் அவள் நாக்கில் வரவில்லை. "மேயர் மாதிரி" என்றாள்.

"உன் வூட்டு ஆளுங்க பேரு யாருக்கு வெச்சிருக்க?"

"யாருக்கும் வெக்கல."

"ஏன்?"

"பயம், ஐயா."

"எங்க பேர வெக்க பயமா இல்ல."

கிழவர் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். ஆதிலட்சுமி ஓடி வந்தாள். அவர் கையை உதறிவிட்டு ஷூவுக்குள் காலை விட்டார். "வண்டியில எடம் இருக்குதா மதாம்? செத்த எடத்த நா பாக்கணும்."

அவர் முன்சீட்டில் விறைப்பாக உட்கார்ந்துகொண்டார். ஆதிலட்சுமியும் ஷாஹீனும் பின்னால் காலிச் சாக்குகளின் மேல். முத்தியால்பேட்டை வரும்வரை அதீப் கண்ணாடியில் திரும்பத் திரும்ப மனைவியைப் பார்த்தான்.

கடையில் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, ஊரைத் திறந்தாள். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரைபடம் பார்க்கிற பட்டாளத்துக்காரராக, கிழக்கிலிருந்து மேற்காகப் பார்த்துக்கொண்டே வந்தார். வடக்குக் கரையில் நிறுத்தச் சொன்னார். மேட்டுக்கு மீன் வந்துகொண்டிருந்தது.

"யாரு அது, மீன் வெக்கிறது?"

"மணியம்மாள்."

"எந்த மணியம்மா? எங்க தெரு மணியம்மாவா?"

"ஆமா, ஐயா."

"அவ எனக்கு மீன் வெக்கிற ஆளில்லையே. கெணத்துத் தண்ணிக்கி எங்கூட முப்பது வருஷம் சண்ட போட்டவ." ஆதிலட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. கிழவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவங்களுக்கு வேற ஒண்ணும் செய்யத் தெரியல" என்றார். "சரி. அந்த ஆளு செத்துட்டான். அவன் வேற. எழுது."

"எதை?"

"அந்த ஆபீசுக்கு. என் பேருல வேணாம், உன் பேருல. தப்பு என்னுதுன்னு."

அவள் எழுதினாள். சுத்தமான பிரெஞ்சில், சாக்கு எதுவும் சொல்லாமல், தன் முழுப்பெயரும் விலாசமும் போட்டு. அவர் வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஓர் இடத்தில் 'கவனக்குறைவாக' என்று இருந்ததை விரலால் காட்டி அடிக்கச் சொன்னார். அடித்தாள். பிறகு உயிர்த்தாளை முன்னால் இழுத்துக்கொண்டு, பேனாவைக் கையில் எடுத்து, போடாமல் நிறுத்தினார்.

"அந்த ஆளு போனப்புறம் எத்தினி பேரு இருக்காங்க?"

"முப்பது."

"கரையில ஒருத்தி நிக்கிறாளே, படகுக்கிட்ட. அவளச் சேத்தா?"

ஷாஹீன் அவளைக் கவனித்திருக்கவில்லை. எப்போது வந்த படகோ. மணலில் ஒரு பெண், தலைக்கு மேல் பெயருக்கான வெற்றுக் கட்டத்தோடு, உள்ளே வராமல் நின்றுகொண்டிருந்தாள்.

"அவளுக்கு இன்னும் பேரு வெக்கல."

"உன் பேர வெய்யி."

"ஐயா…"

"வெய்யி மதாம். அப்புறம் நா கையெழுத்துப் போடறேன்."

"அது பாவம், ஐயா. எங்கள்ல இதெல்லாம்…"

"எங்க பேர எடுத்தப்ப பாவமா இல்ல. நீ மேல ஒக்காந்துக்கிட்டுப் பாத்தா கை இப்பிடித்தான் போவும். ஒரு ஆளாச்சும் உன் ஆளு அங்க இருக்கணும்." அவர் கோபமாகப் பேசவில்லை. டியூட்டி மாற்றுகிறவர் அடுத்தவரிடம் சாவியைக் கொடுக்கிற குரல் அது.

அதீப் ஷட்டருக்கு வெளியே நின்றபடி, "வெறும் கேம் தான, ஷாஹீன். போட்டு வுடேன்" என்றான். ஆதிலட்சுமியின் கண் முழுக்க அப்பாவின் கையிலிருந்த பேனாவின் மேல் இருந்தது.

ஷாஹீன் 'பிஸ்மில்லாஹ்' என்று ஆரம்பித்து, இதற்கு அதைச் சொல்லலாமா என்று தெரியாமல் பாதியில் நிறுத்தினாள். ஓரோர் எழுத்தாகத் தட்டினாள். கடைசி எழுத்து விழுந்ததும் கரையில் நின்ற பெண் திரும்பி, மணலைத் தாண்டி ஊருக்குள் நடந்தாள். மணியம்மாளும் வடிவேலும் மற்றவர்களும் மீனைக் கீழே போட்டுவிட்டு, அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அவள் நேராக வடக்கே போய், காலியாகக் கிடந்த குடிசைக்குள் நுழைந்தாள்.

கோவிந்தராசு கையெழுத்துப் போட்டார். நடுங்காத கையெழுத்து. நாளைக் காலை கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் முத்திரை வாங்கிக்கொள்ளலாம் என்று மகளிடம் சொல்லிவிட்டு, "பசிக்குது" என்றார். ஆதிலட்சுமி கடைக்கு வெளியே வந்து, தையல் கடைச் சுவரில் சாய்ந்துகொண்டு, வாய்விட்டு அழுதாள். எதிர் ஓட்டலிலிருந்து அதீப் இட்லி வாங்கி வந்தான். கிழவர் ஜெராக்ஸ் மிஷின் மேல் இலையை விரித்து, ஆறு இட்லியை அவசரப்படாமல் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, படியிறங்கும்போது திரும்பினார்.

"மதாம், உன் கட என்னிக்கு லீவு?"

"வெள்ளிக்கிழம, ஐயா."

"அன்னிக்கு யாரு அவங்களுக்கு மீன் தள்ளுவா?"

பதிலுக்குக் காத்திராமல் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

அந்த வாரமே நாலு பேர் வந்து தங்கள் தாள்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். காரணம் கேட்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அதீப் வந்து, பிரியாணிச் சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, "வா, ஒக்காரு" என்றான். ஷாஹீன் கடைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்க கெளம்பிட்ட இந்த வெயில்ல?"

"பத்து நிமிஷம்" என்றாள். "நீங்க சாப்புடுங்க. ஒருத்தருக்குச் சாப்பாடு வெச்சிட்டு வந்துடறேன்."